முதலில் கேள், பிறகு பேசு

(வானொலி மறையுரை. திருவருகைக்காலம் முதல் ஞாயிறு, 30.11.2025. நற்செய்தி: மத் 24:37-44)



இன்று திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. வளையத்தில் முதல் மெழுகுதிரியை ஏற்றுகிறோம். விழிப்பாயிருங்கள் என்று ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் நம்மைக் கேட்டுக்கொள்கிறார். இந்த உரையைச் சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்கிறோம். ஆனாலும் இது உங்கள் காதில் விழும் நாள் எது என்பதை மனத்தில் வைத்தே பேசுகிறோம். நவம்பர் 30 என்ற தேதியை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சென்ற ஆண்டு இதே நாள், சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த பிறகும் அது உடனே நகர்ந்து போகவில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. நம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. மறுநாள் திருவருகைக்கால முதல் ஞாயிறு. கடல் முழக்கத்தைக் கேட்டு மக்கள் கலங்குவார்கள் என்று லூக்கா எழுதிய பகுதிதான் அன்றைய நற்செய்தி. கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை வாசித்தோம். வெளியே மழைச் சத்தம். கோவிலில் பதினைந்து பேர் இருந்திருப்போம். வாசித்து முடித்த பிறகு மறையுரை வைக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

திங்கள் விடிவதற்குள் நிலைமை இன்னும் மோசமானது. சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேல் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் எட்டிப் பிடித்ததால் ரயில்கள் நின்றன. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்த இரண்டு நாளில் இங்கே இருப்பவருக்கு அங்கே இருக்கும் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பது போல ஆகிவிட்டது. செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு சிக்னல் வருமா என்று மொட்டை மாடியில் குடையோடு நின்றவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ஞாயிறு நள்ளிரவில் எங்கள் பங்கில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம்.

பைக்கில் ஒருவர் நனைந்துகொண்டே வந்து, “ஏரிக்கரை உடைஞ்சிடுச்சாம்” என்றார். யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விசாரிக்க வழியில்லை, போன் வேலை செய்யவில்லை. மணியை அடிக்கச் சொன்னது நாங்கள்தான். இருட்டில், கொட்டும் மழையில், கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தை நோக்கி ஓடி வந்தார்கள். எங்கள் பங்கின் பெரியவர் ஒருவர் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் ஏரிக்கரை அப்படியே இருந்தது. எங்கோ ஒரு வாய்க்கால் மதகு ஓரத்தில் மண் சரிந்திருக்கிறது. அந்தச் சேதிதான் நான்கு வாய் மாறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஏரி உடைந்ததாக ஆகிவிட்டது.

நம் தமிழில் ‘ஆம்’ என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. உடைஞ்சிடுச்சாம், வந்துட்டாராம், செத்துட்டானாம். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதை அந்த ஓர் ஒட்டு சொல்லிவிடும். பைக்கில் வந்தவர் அதை நேர்மையாகவே சொன்னார். அதைக் கழற்றிவிட்டு மணியை அடித்தது நாங்கள். மணிக்கு ‘ஆம்’ சொல்லத் தெரியாது.

சில நாள் கழித்து அந்தப் பெரியவரை மருத்துவமனையில் பார்த்தோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னார்: “மணி அடிச்சா ஓடியாரணும்னு எங்கப்பா காலத்துலேருந்து சொல்லியிருக்கீங்க சாமி. ஓடியாந்தேன். இதுல உங்க தப்பு என்ன?” அவர் எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னார். எங்களுக்கு அது இன்னும் கனத்தது. இப்போது அவரால் கோவிலுக்கு வர முடிவதில்லை. வீட்டுத் திண்ணையில் இருந்தபடி ஞாயிறுதோறும் இந்த வானொலி நிகழ்ச்சியைக் கேட்கிறார். இப்போதும் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த அனுபவத்தோடு இன்றைய நற்செய்தியை வாசித்துப் பாருங்கள். நோவாவின் காலத்து மக்களைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் உண்டார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், கொடுத்தார்கள் என்கிறார். இதில் எது பாவம்? நாமும் இதைத்தானே செய்கிறோம்? இந்த இடத்தில் ஆண்டவர் அவர்களிடம் காணும் குறை ஒன்றுதான்: வெள்ளம் வரும்வரை அவர்கள் எதையும் உணரவில்லை. நோவா வெள்ளம் வந்த அன்று பேழை கட்டவில்லை. வானம் தெளிவாக இருந்தபோது, தரை காய்ந்து கிடந்தபோது கட்டினார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். விழித்திருப்பது என்பது ஆபத்து நாளில் பதறி எழுவது என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆண்டவர் கேட்பது சாதாரண நாளில் செய்யும் வேலையை.

இந்தப் பாடத்தை எங்களுக்குப் புரிய வைத்தவர் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர். தண்ணீர் வடிந்த பிறகு வீடுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “ஃபாதர், அன்னைக்கு நம்மகிட்ட ஒரு ஹாம் ரேடியோவும், விழுப்புரத்துல ஒருத்தரும் இருந்திருந்தா, அஞ்சு நிமிஷத்துல கேட்டுத் தெரிஞ்சிருக்கலாம்.” அது என்னவென்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

ஹாம் ரேடியோ என்பது தனி மனிதர்கள் அரசு உரிமம் பெற்று வைத்துக்கொள்ளும் வானொலி நிலையம். நீங்கள் இப்போது கேட்கும் வானொலியில் நாங்கள் பேச, நீங்கள் கேட்கிறீர்கள். அதில் இரண்டு பேரும் பேசலாம், இரண்டு பேரும் கேட்கலாம். நடுவில் செல்போன் கோபுரம் வேண்டாம், கம்பி இணைப்பு வேண்டாம், இணையமும் வேண்டாம். காரில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி போதும். இரண்டு மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 20 மீட்டர் நீளத்துக்குக் கம்பியைக் கட்டினால் அதுவே ஏரியல். அதிலிருந்து கிளம்பும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே வானில் மின்னூட்டம் கொண்ட காற்றடுக்கில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும். பக்கத்து ஊர்களுக்குள் பேசக் கையடக்கக் கருவி உண்டு.

இதை வைத்துக் காசு சம்பாதிக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது. ஆசைக்காகவும் கற்பதற்காகவும் மட்டுமே. ஆனால் ஊர் முழுக்கத் தொடர்பு அறுந்துபோகும் நாளில், கூலி வாங்காமல் பிறருடைய செய்தியைச் சுமந்து செல்பவர்கள் இவர்கள்தான்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. வேளாங்கண்ணியில் திருப்பயணிகளைக் கடல் கொண்டுபோன நாள். அந்த மாதத் தொடக்கத்தில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு சிறு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் போன குழு அது. பல ஆண்டுகளாக அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் ரேடியோ ஒலித்ததில்லை. அங்கிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் பேசுவதுதான் அவர்கள் நோக்கம், ஒரு வகையில் பொழுதுபோக்கு. 26-ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது. பிறகு கடல் வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகப் பூட்டிய அதே கருவி, தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே உயிர்நாடியானது. குழுவில் சிலர் கருவியோடு கார் நிக்கோபாருக்கும் போனார்கள். என் மகன் உயிரோடு இருக்கிறானா என்று தவித்த பெற்றோருக்கு, இருக்கிறான் என்ற ஒரு வரி வந்து சேர்ந்தது. அந்த ஒரு வரிக்கு என்ன விலை மதிப்பது?

இறைமக்களே, அவர்கள் எப்படி அன்று உதவ முடிந்தது? கருவியைப் பூட்டியிருந்தார்கள், பேசிப் பழகியிருந்தார்கள். டிசம்பர் 25 வரை செய்த சாதாரண வேலைதான் 26 அன்று பயன்பட்டது.

ஹாம் இயக்குபவர்களின் பழக்கங்களில் மூன்றை எங்கள் இளைஞர் எடுத்துச் சொன்னார். மூன்றும் நம் ஆன்மீக வாழ்வுக்கும் பொருந்துவதைக் கண்டோம்.

முதலாவது: முதலில் கேள், பிறகு பேசு. எந்த ஹாமும் கருவியைப் போட்டவுடன் பேசத் தொடங்குவதில்லை. அந்த அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று முதலில் காது கொடுப்பார். ஏனென்றால், இவர் பேசினால் அடியில் எங்கோ மெல்லிய குரலில் உதவி கேட்பவரின் ஒலி அமுங்கிப் போகும். சிறுவன் சாமுவேலுக்கு முதிய ஏலி கற்றுக்கொடுத்ததும் இதுதான் (1 சாமு 3). ஆண்டவரே பேசும், அடியேன் கேட்கிறேன் என்ற மனநிலையைத்தான் அவர் கற்றுக்கொடுத்தார். நம் செபத்தில் நாம் பேசும் நேரம் எவ்வளவு, கேட்கும் நேரம் எவ்வளவு? நம் வீட்டில், நம் அன்பியக் கூட்டத்தில், மெல்லிய குரல்காரர் பேச இடம் இருக்கிறதா?

இரண்டாவது: சொன்னதைச் சொன்னபடி சொல். அவசரச் செய்தி வந்தால் அதை எழுதிக்கொள்வார்கள். யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று குறிப்பார்கள். வாங்கிய செய்தியைத் திரும்பப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்பார்கள். ஒரு சொல் கூட்ட மாட்டார்கள், ஒரு சொல் குறைக்க மாட்டார்கள். பத்துப் பேருக்குச் சோறு வேண்டும் என்றால் பத்து, நூறாக ஆக்கினால் வேறு எங்கோ தொண்ணூறு பேர் பட்டினி. இதைக் கேட்டபோது எங்களுக்கு அந்த நள்ளிரவு மணிதான் நினைவுக்கு வந்தது. பொய்ச் சான்று சொல்லாதே என்ற கட்டளையை நீதிமன்றத்துக்கு உரியது என்றே நினைத்திருந்தோம். சரிபார்க்காத செய்தியை ஊருக்குச் சொல்வதும் அதில் சேரும் என்பதை ஒரு முதியவரின் முறிந்த எலும்பு எங்களுக்குக் கற்பித்தது. வாட்ஸப்பில் வருவதையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் நம் விரல்களும் சற்றே நின்று யோசிக்கட்டும்.

மூன்றாவது: ஒன்றும் நடக்காத நாளிலும் வருகை கொடு. ஹாம் குழுக்கள் குறித்த நேரத்தில் வானலையில் கூடுவார்கள். அதற்கு ‘நெட்’ என்று பெயர். ஒவ்வொருவரும் தம் அழைப்புக் குறியைச் சொல்லி, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலான நாள்களில் சொல்ல விஷயமே இருக்காது. ஆனாலும் வருவார்கள். ஆபத்து வரும் நாளில், எந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஞாயிறு திருப்பலியைப் பற்றி, “வந்து என்ன சாமி கிடைக்குது?” என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியவில்லை. சாதாரண ஞாயிறுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழகிய சமூகம்தான், வெள்ள நாளில் யார் வரவில்லை என்று தேடும்.

ஹாம் இயக்குபவர்கள் பலர் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடும் ஒரு புனிதர் நம் திருச்சபையில் இருக்கிறார். அவர் புனித மாக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவி. அச்சகம் வைத்துப் பத்திரிகை நடத்தினார். ஜப்பானில் மறைப்பணி செய்தார். 1932-இல் நம் பக்கத்துக் கேரளத்தின் எர்ணாகுளம்வரை வந்து ஒரு துறவு இல்லம் தொடங்கவும் முயன்றார். 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாளில், தம் துறவு மடத்திலிருந்து வானொலி ஒலிபரப்பைத் தொடங்கினார். எஸ்.பி.3.ஆர்.என். என்பது அதன் அழைப்புக் குறி. மறு ஆண்டே போர் வந்தது, அந்தக் குரல் நின்றது.

1941-இல் நாசிகள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் அடைத்தார்கள். ஒரு கைதி தப்பிவிட்டான் என்று, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அந்த அழுகுரலை எல்லாரும்தான் கேட்டார்கள். கோல்பே முன்னால் வந்து, அவருக்குப் பதில் என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆகஸ்ட் 14-ஆம் நாள் கொல்லப்பட்டார். அவரால் பிழைத்த ஃபிரான்சிஷெக் கயோவ்னிச்செக், 1982 அக்டோபர் 10-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கோல்பேயைப் புனிதராக அறிவித்தபோது அந்தக் கூட்டத்தில் உயிரோடு இருந்தார். கருவி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், ஒரு மனிதனின் குரலைக் கேட்டுப் பதில் சொன்னார் அந்தப் புனிதர். கேட்பது என்பது அங்கே போய் முடிகிறது. காதில் வாங்கினால் காலும் நகர வேண்டும்.

அன்புக்குரியவர்களே, இந்தத் திருவருகைக்காலத்தில் நாம் என்ன செய்யலாம்? 2011-இல் தானே, 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல். நம் கரைக்குப் புயல் புதிதல்ல. இனியும் வரும்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 12 வயது நிரம்பிய யாரும் ஹாம் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அதை நடத்துகிறது. வானொலியின் அடிப்படைப் பாடமும் விதிமுறைகளும் படிக்க வேண்டும். முதல் நிலைத் தேர்வுக்குத் தந்திக் குறி தெரிந்திருக்கத் தேவையில்லை. உரிமம் இல்லாமல் கருவியை வாங்கிப் பேசுவது சட்டப்படி குற்றம், அதைச் செய்ய வேண்டாம். எங்கள் பங்கில் அந்த இளைஞரோடு இன்னும் நான்கு பேர், அதில் இரண்டு பெண்பிள்ளைகள், சனிக்கிழமை மாலைகளில் சமூகக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். இன்னும் யாரும் தேர்வு எழுதவில்லை. மணிக்கூண்டின் மேலே ஏரியல் கட்ட இடம் தயாராக இருக்கிறது.

எல்லாரும் ஹாம் ஆக முடியாது. ஆனால் ஒவ்வொரு அன்பியமும் ஒரு நோட்டு வாங்கலாம். நம் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், நடக்க முடியாதவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், அவர்களைத் தூக்கி வரப் பொறுப்பேற்பவர் யார் என்று எழுதி வைக்கலாம். எந்த மதத்தவர் என்று அதில் பத்தி வேண்டாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070 என்று அதன் அட்டையில் எழுதுங்கள். போன் வேலை செய்யும்போதே பேசிப் பழகுங்கள். ஒரு டார்ச் விளக்கும், பேட்டரியில் ஓடும் சிறு வானொலியும் வீட்டில் இருக்கட்டும்.

எங்கள் பங்கில் இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறோம். இனி ஆபத்து மணி அடிக்கும் முன், யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, எந்த இடம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதிய பிறகே கயிற்றைப் பிடிப்போம். நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் பார்ப்போம். முடியாவிட்டால், உறுதியாகத் தெரியாது, தயாராக இருங்கள் என்று வீடு வீடாகச் சொல்வோம். அந்த மூன்று கேள்விகளும் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன.

திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவரே, அடுத்த முறை மணி அடித்தால் நீங்கள் ஓடி வர வேண்டாம். உங்களைத் தூக்கி வர இரண்டு பேருடைய பெயர் எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்த மணியை நீங்கள் மறுபடியும் நம்பலாம்.

செபிப்போம். எங்கள் குரலைக் கேட்கும் ஆண்டவரே, அலறலுக்கு நடுவே மெல்லிய குரலைக் கேட்கும் காதை எங்களுக்குத் தாரும். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் நாவைத் தாரும். காய்ந்த நாளிலும் வேலை செய்யும் கையைத் தாரும். வெள்ளத்தில் உறவுகளை இழந்த எல்லாரையும் உம் கரங்களில் ஏந்திக்கொள்ளும். நீர் வரும் நாளில் விழித்திருக்கும் ஊழியராக எங்களைக் காண்பீராக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.